கலவானைக்கு எத்தனை அடிப் படகு?

சென்ற மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கலவானப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து இப்போது கனடாவில் வாழும் நண்பர். அவரைப்போல அத்தோட்டங்களிலிருந்து புறப்பட்டுத் திக்குக்கொருவராகப் போனவர்கள் சிலர் ஒன்றுகூடியிருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருப்பவர்கள், இலண்டனில் இருப்பவர்கள், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக் கூடலூரில் குடியேறியவர்களின் பிள்ளைகள் என்று பலரும் அதில் உண்டு. பிறந்த மண்ணுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று பேசிப் பேசி, கடைசியில் ஒரு படகு வாங்கிக் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறார்கள். வெள்ளத்தில் மக்களை மீட்பதற்கான அலுமினிய இயந்திரப் படகு.

14 அடிப் படகா, 18 அடிப் படகா என்று விவாதம் நடந்திருக்கிறது. பெரும்பான்மையோர் 18 அடிக்கு வாக்களித்துவிட்டார்கள். "ஒரே தடவையில் இருபது பேரை ஏற்றலாம். பார்ப்பதற்கும் கம்பீரமாக இருக்கும். நிதி சேர்ப்பதற்கு நீங்கள் ஒரு வேண்டுகோள் எழுதித் தரவேண்டும் ஐயா" என்று முடித்திருந்தார் நண்பர்.

வேண்டுகோள் எழுத என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நண்பர் கோபித்துக்கொள்வார். கோபம் தணிந்தபின் மறுபடியும் ஒரு தடவை வாசிப்பார் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

*

கலவான எங்கே இருக்கிறது என்று கேட்கும் வாசகர்களுக்காகச் சில வரிகள். இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலை ஊடாகத் தெற்கே போனால் வரும் சிறு நகரம் அது. சிங்கராஜ வனத்துக்குப் போகிறவர்கள் பலர் இந்த வழியாகத்தான் போவார்கள். 1988இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த மழைக்காட்டுக்கு, பெயருக்கேற்ப, மழை குறைவில்லை. ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அந்த நீரில் ஒரு பகுதியைக் குக்குலே கங்கை சேர்த்துக்கொண்டு போய், சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து வரும் களு கங்கையிடம் ஒப்படைக்கிறது. களுத்துறையில் கடலைக் காணும்வரை அந்த நீருக்கு அவசரம்தான்.

மேட்டிலே தேயிலையும் இறப்பரும். பள்ளத்திலே வயலும் கிராமமும் இரத்தினக்கல் குழிகளும். மேட்டிலிருக்கும் லயங்களில் தமிழர்கள், பள்ளத்திலிருக்கும் கிராமங்களில் சிங்களவர்கள். இது முழுக்கச் சரியான படமன்று என்றாலும், படகைப் பற்றிப் பேசுவதற்கு இந்தப் படம் அவசியம்.

என் தலைமுறைச் செய்தியாளர்களுக்குக் கலவான என்றதும் வேறொன்றும் நினைவுக்கு வரும். தேர்தல் மனுவொன்றில் கலவானத் தொகுதியின் ஆளுங்கட்சி உறுப்பினர் பதவியை இழந்தார். அவரையும் சபையில் இருத்திக்கொண்டு, இடைத்தேர்தலில் வெல்லுகிறவரையும் உள்ளே விட்டு, ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்களைக் கொடுப்பதற்கு அரசியலமைப்பையே திருத்த அன்றைய அரசு முயன்றது. அந்த முயற்சி கைகூடவில்லை. 1981 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகம வென்று பாராளுமன்றம் போனார். கலவானைக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்று கொழும்பிலே சிந்தித்த ஒரே சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து அதுதான். அந்தச் சிந்தனையைப் படகு விடயத்தில் நாம் ஏன் பின்பற்றக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

ஒரு பெரிய படகு வேண்டாம். இரண்டு சிறிய படகுகள் வாங்குங்கள்.

*

காரணத்தை 2003ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியில், வெசாக் முடிந்த கையோடு, தென்மேற்கில் பெருமழை கொட்டியது. இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இரத்தினபுரி மாவட்டமே அதிகம் அடிபட்டது. நான் நிவாரணப் பொருள் ஏற்றிய லொறியொன்றில் தொற்றிக்கொண்டு செய்தி சேகரிக்கப் போனேன். வீதியோரங்களில் வெசாக் கூடுகள் நனைந்து, காகிதம் உரிந்து, ஈர்க்குச் சட்டங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஓரிடத்தில் வீதி நீருக்குள் இறங்கிப் போய்விட்டது. சில நூறு யார் தூரம் வெறும் நீர். அந்த இடத்தில் கடற்கரையிலிருந்து லொறியில் ஏற்றிவந்த பெரிய படகொன்று வேலை செய்துகொண்டிருந்தது. ஓட்டியவர்கள் அலுப்புப் பாராத இளைஞர்கள். என்னையும் ஏற்றி அக்கரையில் விட்டார்கள். அங்கிருந்து ஒரு மைல் போல் நடந்தேன். காய்ந்த வீதி, வெள்ளம் வந்த ஊர் என்றே சொல்ல முடியாது. அதன்பின் மறுபடியும் நீர். மதகு ஒன்று அடித்துச் செல்லப்பட்டு, மூன்று பஸ் வண்டிகளின் நீளத்துக்குச் செந்நிற வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், தேயிலை மலையைச் சுற்றி, தோட்டத்து ஓடை மூன்றாவது நீராகப் பெருகியிருந்தது.

இரண்டாவது நீருக்கு மறுகரையில் தோட்டத்துச் சனங்கள் நின்றார்கள். மூங்கில் ஒன்றில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதற்குள் ஒரு மனிதரைக் கிடத்தியிருந்தார்கள். முதல்நாள் இரவு பாம்பு கடித்திருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்கு ஏறுவது மனிதர்கள் மட்டுமல்லவே. மூன்றாவது நீரை லொறி ரியூப்பிலும் கயிற்றிலுமாகக் கடந்து வந்துவிட்டார்கள்.

"பெரிய போட்டு வந்திருக்குன்னாங்களே, எங்கங்க ஐயா?" என்று கத்திக் கேட்டார் ஒரு முதியவர்.

அங்கே ஒரு மைலுக்கு அப்பால் நிற்கிறது என்று நான் திருப்பிக் கத்தினேன். ஓடிப்போய்ப் படகுக்காரர்களிடம் சொன்னேன். அவர்கள் உடனே படகைக் கரையில் இழுத்தார்கள். எட்டுப் பேர் பிடித்தோம். நாலடி நகர்ந்தது. அந்தப் படகை வீதியில் ஒரு மைல் தூக்கிப்போக எங்களால் ஆகாது. ஏற்றிவந்த லொறி எதிர்க்கரையில் நின்றது. அந்த இளைஞர்களில் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

கயிறும் ரியூப்புமாக இரண்டாவது நீரைக் கடக்க இரண்டு மணி நேரம் சென்றது. கம்பளித் தூளி முதலாவது நீரை அடைந்ததும் பெரிய படகு சில நிமிடங்களில் அவரை அக்கரை சேர்த்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இரண்டாவது நீரில் ஒரு சிறிய படகு இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? எந்தப் பாம்பு, எவ்வளவு நஞ்சு என்று தெரியாத நான் அதைச் சொல்லத் தகுதியற்றவன். இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும். அதை மட்டும் சொல்லலாம்.

*

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். மலைநாட்டுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஏரிபோல ஒரே பரப்பாக நிற்பதில்லை. துண்டு துண்டாக நிற்கும். நீர், நிலம், மறுபடியும் நீர். ஆகவே இங்கே படகு என்பது மிதக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நடக்கவும் தெரியவேண்டும். மனிதர்களின் தோளில் ஏறி அடுத்த நீருக்குப் போகவேண்டும்.

தோட்டத்து மக்களின் தேவையும் கிராமத்தவரின் தேவையும் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். கிராமத்தவரின் வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது. அவரைக் கூரையிலிருந்து இறக்கவேண்டும். லயத்து அறைக்குள் பெரும்பாலும் ஆற்று வெள்ளம் வருவதில்லை. அது மேட்டில் இருக்கிறது. மேட்டில் இருப்பவரை அச்சுறுத்துவது மண்சரிவு. 2014 ஒக்ரோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியதை நாம் மறக்கவில்லை. மண்சரிவுக்குப் படகு மருந்தாகாது. அதற்குப் பாதுகாப்பான நிலத்தில் வீடு வேண்டும். ஆனால் வெள்ளம் தோட்டத்து மனிதரை வேறு விதமாகக் கொல்லுகிறது. அது வீதியை வெட்டிவிடுகிறது. வைத்தியசாலை, மருந்து, அரிசி எல்லாம் அக்கரையில். அவருக்கு வேண்டியது ஓடையைக் கடக்க ஒரு துறை. இருபது பேரை ஏற்றும் கப்பலால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

இனி அந்த இருபது பேர் கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்கக் கரையோரக் காவற்படை சிறு படகுகளுக்கு ஓர் எளிய கணக்குச் சொல்லுகிறது. படகின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து, பெருக்கி, 15ஆல் வகுக்க வேண்டும். வருவதே அமைதியான நீரில் ஏறத்தக்க ஆட்களின் தொகை. 18 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள படகுக்கு 126ஐ 15ஆல் வகுத்தால் எட்டுப் பேர். 14 அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள படகுக்கு 77ஐ 15ஆல் வகுத்தால் ஐந்து பேர். ஆக, ஒரு பெரிய படகில் எட்டுப் பேர். இரண்டு சிறிய படகுகளில் பத்துப் பேர். இருபது என்ற எண் எங்கிருந்து வந்தது? விற்பனையாளர் சொன்னாரா, வாட்ஸ்அப் குழுவில் பிறந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எண் ஆபத்தானது. ஏனென்றால் நாங்கள் கொடுக்கும் படகில் இருபது பேர் ஏறுவார்கள். நாங்கள்தானே சொன்னோம்!

அதிகம் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் மாண்டார்கள். அகன்ற தளத்தைக் கண்டால் மனிதருக்கு இன்னும் ஒருவர் ஏறலாம் என்றுதான் தோன்றும். சிறிய படகு தன் எல்லையைத் தானே சொல்லிவிடும். ஆறாவது ஆள் காலை வைத்ததும் அது ஆடும். அந்த ஆட்டத்தை நான் ஒரு நற்குணமாகவே கருதுகிறேன்.

அடுத்தது எடை. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பினதில் மூன்றில் ஒரு பங்களவுதான். ஆகையால் சாதாரண 14 அடிப் படகு ஏறத்தாழ நூறு கிலோவில் முடிந்துவிடும். ஆறு பேர் தூக்கினால் தலைக்குப் பதினேழு கிலோ. தேயிலைக் கொழுந்து நிறைந்த சாக்கைத் தினந்தோறும் சுமக்கும் மனிதர்களுக்கு இது ஒரு சுமையா? அதற்குப் பொருத்தமான 15 குதிரைவலு இயந்திரம் நாற்பது, ஐம்பது கிலோ. இரண்டு பேர் கம்பில் தொங்கவிட்டுக் கொண்டுபோகலாம். 18 அடிப் படகோ, தகட்டின் தடிப்பைப் பொறுத்து 250 கிலோவிலிருந்து 400 கிலோ வரை போகும். அதன் 40 குதிரைவலு இயந்திரம் மட்டும் 70 கிலோவுக்கு மேல். இழுப்பதற்கு வண்டி வேண்டும், வண்டியை இழுக்க வாகனம் வேண்டும், வாகனம் போக வீதி வேண்டும். வீதி இருந்தால் படகு எதற்கு?

எரிபொருளையும் சொல்லிவிடுகிறேன். முழு வேகத்தில் ஓடும் இத்தகைய இயந்திரம் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அரை லீற்றர் வரை குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 40 குதிரைவலுவுக்கு இருபது லீற்றர். பதினைந்துக்கு ஏழரை லீற்றர். 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன் நாள்கணக்கில் நின்ற நாட்டில், வெள்ளம் வந்து வீதி அடைபட்ட நாளில், மணிக்கு இருபது லீற்றர் பெற்றோலை யார் எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

*

மறுபக்கத்து நியாயங்களையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. நண்பரின் குழுவில் இருவர் நன்றாகவே வாதாடியிருக்கிறார்கள்.

முதலாவது வாதம் கேரளம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தார்கள். 669 படகுகள், நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மீனவர்கள், மீட்கப்பட்டோர் 65,000 பேர் என்று அரசு கணக்குச் சொன்னது. அவை பெரிய வள்ளங்கள்தாமே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் செங்கன்னூரும் ஆலுவாவும் குட்டநாடும் எப்படிப்பட்ட நிலங்கள்? தாழ்ந்த சமவெளிகள். அங்கே வெள்ளம் கடலைப்போல் பரந்து நின்றது. கலவானையின் பள்ளத்தாக்குகள் அப்படியானவையல்ல. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே படகோடு படகோட்டியும் வந்தான். அலையோடு பிறந்து வளர்ந்தவன், தன் சொந்த வள்ளத்தின் ஒவ்வொரு முனகலும் தெரிந்தவன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்ரிமீற்றருக்கு மேல் மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோதும் மீனவர்களே படகுகளோடு வந்தார்கள். இந்த நிகழ்ச்சிகளில் நாம் படிக்கவேண்டியது மனிதர்களைப் பற்றி. நண்பர்கள் படகின் நீளத்தை மட்டும் படித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வாதம் நீரோட்டம். பெருகிய ஆற்றில் சிறிய படகு நிற்காது என்கிறார்கள். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். களு கங்கையின் நடுநீரில் 14 அடிப் படகை இறக்குவது தற்கொலை. ஆனால் அதே நீரில், பயிற்சியில்லாத ஒருவர் கையில் 18 அடிப் படகு மட்டும் என்ன செய்யும்? மரங்களும் வேலிக்கம்பிகளும் மிதந்துவரும் அந்த ஆறு, கடற்படையும் இராணுவமும் தங்கள் படகுகளோடு இறங்கவேண்டிய இடம். 2017 மே மாத இறுதியில் 24 மணித்தியாலங்களில் சில இடங்களில் 300 முதல் 500 மில்லிமீற்றர் மழை பெய்து, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் இருநூறுக்கு மேற்பட்டோர் மடிந்தபோது அவர்கள் அப்படித்தான் இறங்கினார்கள். இந்தியக் கடற்படைக் கப்பல்களும் உதவிக்கு வந்தன. ஆனால் கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் படகு வந்துசேர நேரம் செல்லும். வரும்வரை ஓடையையும் மூழ்கிய வீதியையும் வயல்வெளியையும் கடப்பதுதான் ஊர்ப் படகின் வேலை. கடற்படையோடு போட்டி போடுவதற்கு நாங்கள் படகு வாங்கவில்லை.

படகே இல்லாவிட்டால் மனிதர்கள் கிடைத்ததைப் படகாக்குவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 2024 நவம்பரில் காரைதீவில், வெள்ளம் பாய்ந்த வீதியை உழவு இயந்திரத்தில் கடக்க முயன்ற மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டுப் பலர் மாண்டார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால், அளவைப் பற்றி வாதிடுவதே பாவம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. பொருத்தமற்ற படகு, இல்லாத படகைப் போன்றதுதான். ஒரேயொரு வித்தியாசம்: படகு இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அலுமினியம் என்ற தெரிவில் மட்டும் நண்பர்களோடு எனக்குப் பிணக்கில்லை. காற்றடைத்த இறப்பர்ப் படகு முள்ளுக்கம்பியிலும் கூரைத் தகட்டிலும் கிழியும். கொட்டிலில் ஆண்டுக்கணக்கில் மடித்து வைத்தால் மடிப்பிலே வெடிக்கும். கண்ணாடியிழைப் படகு பாறையில் மோதினால் பிளக்கும். அலுமினியம் நெளியும், நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் முழங்கால் நீரிலும் போகும். மூழ்கிக் கிடக்கும் இரத்தினக்கல் குழிகளுக்கு மேலாகப் போவதற்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. நடந்து போகிறவருக்குக் குழி எங்கே இருக்கிறதென்று தெரியாது.

*

இப்போது மனம் நோகக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பெரிய படகின்மேல் நமக்கேன் இத்தனை ஆசை? விழாவுக்கு அது பொருந்தும் என்பதே உண்மையான விடை. பெரிய படகுக்கு மாலை போடலாம். பக்கவாட்டில் கொடையாளர் பெயர்களை வரிசையாக எழுதலாம். அமைச்சர் ஏறி நின்று கையசைக்கலாம். புகைப்படம் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் கூடலூருக்கும் போய்ச்சேரும். நாற்பதாண்டுகள் பத்திரிகையில் இருந்த நான் எத்தனையோ கையளிப்பு விழாக்களை எழுதியிருக்கிறேன். கையளித்த பொருள் மூன்றாண்டுகளின் பின் என்ன ஆனது என்று போய்ப் பார்த்து எழுதியது மிகக் குறைவு. அது என் தொழிலின் குற்றம், என் குற்றமும்கூட.

இன்னுமொன்று. மின்னஞ்சலில் "நம்மவர்களுக்கான படகு" என்று எழுதியிருந்தார் நண்பர். அந்தச் சொல்லில் இருக்கும் வலி எனக்குப் புரியாமலில்லை. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். அவர்களில் பலர் வன்னிக் காடுகளுக்கு ஓடினார்கள். நண்பரின் குடும்பமே அப்படிச் சிதறிய ஒன்று. ஆனாலும் அந்தச் சொல்லை நீக்கிவிடுமாறு கேட்கிறேன். சிதறாமல் அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகளில் பலர் சிங்களப் பாடசாலையில் படித்து, அந்தக் கிராமத்துக் கடையில் கடன் வாங்கி, அந்தக் கிராமத்து முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள். 2003இல் நான் பார்த்த தோட்டமொன்றில், பிள்ளைக் காம்பராவிலே கீழ்க்கிராமத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு தங்கியிருந்தன. தோட்டத்துப் பெண்கள் ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிராமத்தவருக்கு மேடு வேண்டியிருந்தது. மேட்டவருக்குத் துறை வேண்டியிருந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவில் "நம்மவர்களுக்கான படகு" என்று பெயரெழுதி நிறுத்தினால், அடுத்த வெள்ளத்துக்கு முன்பே அது ஓட்டையாகும்.

ஆகையால்தான் இரண்டு என்கிறேன். ஒன்று தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபத்தில் இருக்கட்டும். மற்றது கீழ்க்கிராமத்து விகாரையில் இருக்கட்டும். ஒன்று பழுதானால் மற்றது உதவும். ஒன்று முதலாவது நீரிலும் மற்றது இரண்டாவது நீரிலும் நிற்கலாம். திறப்பு யார் கையில் என்ற பிணக்குக்கும் இடமில்லை, ஆளுக்கொரு திறப்பு.

*

பணத்தைப் பற்றி நண்பர் கேட்பார். விலைப்பட்டியல் அவர் கையில் இருக்கிறது, கூட்டிப் பார்க்கட்டும். இரண்டு சிறிய படகுகளும் இரண்டு சிறிய இயந்திரங்களும், ஒரு பெரிய படகும் பெரிய இயந்திரமும் இழுவை வண்டியும் என்று கூட்டினால், வித்தியாசம் அவர் நினைக்கும் அளவுக்கு இருக்காது. இருந்தாலும் படகின் விலை செலவின் தொடக்கம் மட்டுமே. மாதமொரு முறை இயந்திரத்தை இயக்கிப் பார்க்க வேண்டும். பெற்றோலை உள்ளே தேங்கவிட்டால் சில மாதங்களில் காபரேற்றர் அடைத்துக்கொள்ளும். வெள்ளத்தன்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் கழன்றுபோகும். ஏறுவோர் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். துடுப்பும் நீண்ட மூங்கிலும் கயிறும் வேண்டும். தோட்டத்திலிருந்து நாலு பேர், கிராமத்திலிருந்து நாலு பேர் என்று இளைஞர்களைத் தெரிந்து, கடற்படையினரிடமோ அனுபவமுள்ள மீனவர்களிடமோ பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். கோவில் மண்டபத்தில் கிடக்கும் அலுமினியத்துக்குப் பழைய உலோகம் வாங்குகிறவர்கள் நல்ல விலை தருவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சங்கிலியும் பூட்டும் வாங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் படகின் உட்புறத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். கொடையாளர் பெயருக்கு ஒதுக்கிய இடம் அதற்குத் தாராளமாகப் போதும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் இந்நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மலையகத்தில் எத்தனையோ தோட்டங்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் நண்பர்களுக்குப் படகு வாங்கும் எண்ணமே பிறந்தது. நல்ல எண்ணம். அந்தக் காட்சிகளை அவர்கள் இன்னொரு தடவை பார்க்கட்டும். இடிந்த பாலத்துக்கு இப்பக்கமும் அப்பக்கமும் மனிதர்கள் நின்று கயிற்றில் அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியின் அகலம் எவ்வளவு? அந்த இடத்துக்கு 18 அடிப் படகை எந்த வழியாகக் கொண்டுபோவீர்கள்?

நண்பருக்கு என் பதில் இதுதான். இரண்டு 14 அடிப் படகுகள் என்றால் வேண்டுகோளை எழுதித் தருகிறேன். என் ஓய்வூதியத்திலிருந்து என்னால் இயன்றதையும் தருகிறேன். ஒரு 18 அடிப் படகு என்றால் என்னை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சலுகை. படகில் பெயரே எழுதக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. படகு வாங்கப் பணம் கேட்டால் நூறு கைகள் உயரும். மூன்றாவது ஆண்டில், விழாவெல்லாம் மறந்துபோனபின், இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றப் பணம் கேட்டால் யார் கை உயர்கிறதோ, அவர் பெயரை எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.